எழுபத்தொன்று

லின்ஆன் மலைச்சரிவில் இரவு இரண்டரை.
மூங்கில் முளை வளர்வது காதில் விழும் என்பார்கள்.
எனக்கு விழுந்தது
நைட்ரஜன் குடுவையின் சீறல்தான்.

லோ கென்ஃபா மண்வெட்டியை ஓங்குவதில்லை.
கிழங்கில் காயம் படாமல் ஒரே தட்டு;
முளை சாய்கிறது.
நான் உறை உரிக்கிறேன்:
பதினாறு, பதினேழு, ஈரம், இன்னும் ஒன்று.
உள்ளே கட்டைவிரல் நுனியளவு வெள்ளை.
அதை மட்டும் நறுக்கிக் குடுவையில் போட்டால்
மீதி மூன்று கிலோவைக் காட்டி
"இது வேண்டாமா?" என்கிறார்.
வேண்டாம்.
"படித்தவர்கள் சாப்பாடே தனி."
கூடையில் போட்டுக்கொள்கிறார்.
மறுநாள் அது
உப்பிட்ட பன்றிக்கறியோடு சூப்பாகி
பிளாஸ்டிக் தூக்கில் ஆய்வகம் வந்தது.

எல்லாம் ஒரு குடும்பத்துக்காக.
மூங்கிலின் மரபணுத்தொகையை
ஒரு மூலை விடாமல் கணினியில் அரித்தேன்.
தேடியது ஒரு கை:
அறுபது எழுத்து நீளம்,
டி.என்.ஏ.வைத் தோளோடு பற்றும் கை.
கை இருந்தால் உறவு.
எண்பத்தொன்பது தேறின.

தாமாக எதையும் கட்டாதவை இவை.
எது இப்போது படியெடுக்கப்பட வேண்டும்,
எது வாய்மூடிக் கிடக்க வேண்டும் என்று
குரல் கொடுப்பதோடு சரி.
படியெடுத்தல் காரணிகள் என்கிறது பாடநூல்.
பக்கத்து மேசை ச்யூ வெய்மின்
மேஸ்திரிகள் என்பாள்.

கிளைமரம் வரைந்து அமரச் சொன்னேன்.
இரட்டை இரட்டையாக வந்து அமர்ந்தன.
எப்போதோ ஒரு காலத்தில்
மொத்தக் குடித்தனமும் இரண்டானதன் தடயம்.
இரட்டையரில் ஒன்று வேலைக்குப் போகும்;
மற்றது எழுத்துதிர்ந்து
பேச்சுக்கு இருக்கும்.
எழுபத்தொன்றுக்கு இணை இல்லை.
அதில் ஓர் எழுத்தும் உதிரவில்லை.

அடுத்தது வண்ணப்படம்.
சிவப்பென்றால் பேச்சு, நீலம் மௌனம்.
வேர், கிழங்கு, இலை, உறை,
முளையின் பத்து உயரங்கள்.
எழுபத்தொன்றின் வரிசை
இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை நீலம்.

"செத்த மரபணு, தூக்கிவிடு"
என்றார் பேராசிரியர் ஓயாங் பெய்லான்.
செத்ததென்றால் சிதைந்திருக்குமே.
ஏற்றாத விளக்கை
இத்தனை லட்சம் ஆண்டு
துடைத்து வைத்திருப்பது யார்?
கேட்டேவிட்டேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"அப்படியானால் பூவில் பார்."

பூவில்!
மோசோ மூங்கில் பூக்க
அறுபது ஆண்டுக்கு மேலும் ஆகலாம்.
என் ஆய்வு நிதி
அடுத்த ஆடிக்குள் முடிகிறது.

மே மாதம், மழையில், கென்ஃபாவின் தொலைபேசி.
"உச்சியில் நெல் மாதிரி என்னவோ."
ஏணி, கயிறு, வெய்மினின் ஒற்றைச் செருப்பு.
ஒரே ஒரு தண்டு பூத்திருந்தது.
இலை குறைந்து,
மகரந்தப் பைகள் மஞ்சளாய்த் தொங்க,
அழகென்று சொல்ல முடியாது.

பூத்தது நிற்காது, அது அவருக்குத் தெரியும்.
சரிவு முழுக்க ஒரே கிழங்கின் ஓட்டம்,
அதுவும் தெரியும்.
"மற்றதெல்லாம் எப்போது?"
மழையைத் துடைத்தபடி கேட்டார்.
"மகளுக்கு ஹாங்சோவில் வீடு பார்க்கிறோம்.
இந்தக் காட்டை நம்பித்தான் முன்பணம்."

முடிவு வர ஒன்பது நாள்.
பூவில் நாற்பது வரிசை சிவந்தது.
எதிர்பார்த்தவை எல்லாம் பேசின,
ஒன்றிரண்டு கத்தவே செய்தன.
எழுபத்தொன்று நீலம்.

வெய்மின் என்னைப் பார்க்காமல் தேநீர் வைத்தாள்.
கென்ஃபாவைக் கூப்பிட்டுத் தெரியாது என்றேன்.
"ஓ" என்றார்.
பின்னால் யாரோ மூங்கில் அறுக்கும் ஓசை.
"இந்த வாரம் முளை வேண்டுமா?"

கட்டுரையிலிருந்து அதை எடுக்கவில்லை.
கடைசிப் பக்க அட்டவணையில் இருக்கிறது,
பெயர், நீளம், இருக்கும் குரோமோசோம்.
அதன்பின் திசு வாரியாக
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்,
லாரியின் பின்புறம் அடுக்கிய மூங்கில்களை
அறுத்த முனைப் பக்கமிருந்து பார்ப்பதுபோல.