ஒன்றே கால் கிலோ

நிறுவனம் மடிக்கணினிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது.
“ஒன்றே கால் கிலோ குறையும், தோளுக்கு நல்லது”
என்றது சுற்றறிக்கை.
தூருனின் தோள் ஒப்புக்கொண்டது.
படகுக் காப்பீட்டில் பதினெட்டு வருடம்:
மூழ்கியது, மோதியது, எரிந்தது என்று
துறை துறையாய் இறங்கி ஏறிய தோள்.

டேப்லெட் இதமாகத்தான் இருந்தது.
சோபாவில் சாய்ந்து வயிற்றின் மேல் நிறுத்தினால்
மூச்சோடு சேர்ந்து ஏறும், இறங்கும்.
பக்கத்து வீட்டுக்காரி சுட்ட ரொட்டியின் படத்தை
ஒற்றை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம்.

எழுதத்தான்.

எழுத உட்கார்ந்தால் ஆள்காட்டி விரல்கள் இரண்டும்
இரண்டு விசைகளின் மேல் இருந்த சின்ன மேட்டைத் தேடின,
இருட்டில் சுவிட்சைத் தடவுகிற மாதிரி.
மேடு இல்லை. வழுக்கல்.
முன்பு கண் ஜன்னலில் இருக்கும், கை தன்பாட்டுக்கு எழுதும்;
இப்போது கண் இறங்கிவந்து
விரலுக்குக் காவல் நின்றது.

பெர்கன் துறைமுகத்தில்
ஆர்னுல்ஃபின் எரிந்த படகின் முன் நின்று அவள் எழுத,
மழையும் எழுதியது.
துளிக்கு ஓர் எழுத்து.
குறுக்கே கோடு கிழித்த வட்டம், வரிசையாய் மூன்று.
பக்கத்து டேனிஷ்காரருக்கு அது ஓரெழுத்து ஒருமொழி,
தீவு என்று பொருள்.
தீவு தீவு தீவு என்று சாட்சி சொன்னது வானம்.
கையுறை போட்டால் கண்ணாடிக்கு அவளைத் தெரியவில்லை,
கழற்றினால் விரலுக்கு விரலைத் தெரியவில்லை.
முடித்துவிட்டாள்:
தீ. இயந்திர அறை. காரணம் தெரியவில்லை. படம் இணைப்பு.

டேப்லெட்டுக்கு மாத்திரை என்றும் பெயர்.
கண் இமைக்க, கை நொடிக்க ஆகும் அளவு.
அதற்கு மேல் அதில் வாக்கியம் நீளவில்லை.

மூன்றாம் வாரம் ஆர்னுல்ஃபுக்குக் கடிதம் போனது.
பணம் இல்லை. விவரம் போதாது.

அன்றிரவு தன் சொந்தப் பழைய கணினியை
அலமாரியிலிருந்து எடுத்தாள்.
ஒரு கீல் உடைந்தது, சுவரில் சாய்த்தால்தான் திரை நிற்கும்.
மடியில் வைப்பதால் மடிக்கணினியா, மடிப்பதாலா,
எந்த நேரமும் மடிந்துபோகும் என்பதாலா?
உள்ளே விசிறி இளைத்தது. தொடை சுட்டது.
தலையணையைச் செருகிக்கொண்டாள்.

விரல்களுக்கு மேடு கிடைத்தது.
கண் ஜன்னலுக்குப் போனது.

மூன்று பக்கம்.
டீசல் வாடை இல்லாதது.
போன மாதம் நிறுவனமே அனுப்பிய மின்பணியாளர்
சுற்றிய பச்சை டேப் உருகிக் கிடந்த விதம்.
பிறகு, யாரும் கேட்காதது ஒன்று:
படகிலிருந்து ஆர்னுல்ஃப் காப்பாற்றியது
ஒரு காப்பிக் கெட்டிலை மட்டும்;
கரையில் நின்று அதன் மூடியைத்
திறந்து திறந்து மூடினார்.
அழிக்க விரல் போனது. திரும்பி வந்தது.

விடியும்போது சார்ஜ் நான்கு சதவீதம்,
தொடையில் சிவப்பாய் ஒரு செவ்வகம்.
அனுப்புமுன் ஒருமுறை படிக்கலாம் என்று
சோபாவில் சாய்ந்து டேப்லெட்டை வயிற்றில் நிறுத்தினாள்.
படிக்க இதுதான் இதம், சந்தேகமே இல்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு பிழை. தொட்டுத் திருத்தினாள்.
கண்ணாடி தனக்குத் தெரிந்த சொல்லைப் போட்டது.
அவள் மொழியில் கெட்டிலுக்கும் கவுனுக்கும்
ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்.
ஆர்னுல்ஃப் மழையில் நின்று
ஒரு கவுனின் மூடியைத்
திறந்து திறந்து மூடினார்.