ஒரு கால் படகில்

மே மாதம், இரண்டாம் வாரம்.
யெல்லோநைஃப் விரிகுடாவில்
எங்கள் மிதவைவீட்டைச் சுற்றி
தண்ணீரும் இல்லை, தரையும் இல்லை.
ஏரி இன்னும் முடிவெடுக்கவில்லை.

மார்ச்சில் லாரியைத் தாங்கிய உறைபனி
இப்போது உளுத்த பலகை.
துடுப்பால் தட்டினால்
நெருக்கி நிறுத்திய மெழுகுவத்திகள்போல
நெட்டுக்குத்தாய்ப் பிளந்து
கிணுகிணுவென்று உதிர்கிறது.

வேலைக்குப் போவது இப்படி:
படகின் விளிம்பை இரு கையாலும் பற்றி
ஒரு கால் உள்ளே, ஒரு கால் பனிமேல்.
உந்து. உந்து.
உடைந்தால் இரண்டும் உள்ளே.
நானூறு மீட்டர், நாற்பது நிமிடம்.
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பதெல்லாம்
எங்களுக்குச் சொகுசு.

முன்னால் ஓடெட், பின்னால் நான்.
அவள் பிரெஞ்சில் திட்டுகிறாள்.
என் அம்மா எனக்கு டெனே மொழியில்
வசவு மட்டும் சொல்லித்தரவில்லை.
அவளுடையதையே கடன் வாங்குகிறேன்.

குளிர்காலம் முழுக்க
எங்கள் விறகுக் குவியலுக்குப் பின்னால் குடியிருந்த செந்நரி
இன்று அதுவும் கிளம்பிவிட்டது.
நாலடி ஓடும். நிற்கும்.
பனிக்குக் காது கொடுக்கும்.
பிறகு யாரும் நினைக்காத பக்கம் திரும்பும்.

"அது போகிற வழியில் போவோம்" என்றாள் ஓடெட்.
"அதன் எடை ஐந்து கிலோ" என்றேன்.
என் எடையை நான் சொல்லவில்லை.

போனோம்.
பதினோராவது உந்தலில்
இடுப்புவரை இறங்கினேன்.
அதைக் குளிர் என்று சொல்லக் கூடாது.
அது பல்.
படகு சாய்ந்து, யோசித்து,
என்னைத் திருப்பி எடுத்துக்கொண்டது.

நரி அதற்குள் கரையேறி
ஒவ்வொரு பாதமாக உதறிக்கொண்டிருந்தது.
ஒருமுறை திரும்பிப் பார்த்தது,
எங்களையல்ல,
எங்கள் தலைக்குமேல் கரைந்த அண்டங்காக்கையை.

கரையை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குத் திறந்த நீர்.
போன வருடத்துப் புல்லுக்கு நடுவே
பைக் மீன்கள் முட்டையிட வந்திருந்தன.
முதுகு வெளியே தெரிய,
நனைந்த விறகுகள்போல, அசையாமல்.
ஓடெட் திட்டுவதை நிறுத்தினாள்.
துடுப்பிலிருந்து சொட்டுவதுகூடச் சத்தமாக இருந்தது.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
கடை திறக்கத் தாமதமானது மட்டும் தெரியும்.

காயாக், கூடாரம், கொசுவலைத் தொப்பி
வாடகைக்கு விடும் கடை.
முதல் வாடிக்கையாளர்கள் ம்யூனிக்கிலிருந்து:
"ஏதாவது சாகசம் உண்டா?
காட்டு விலங்கு பார்க்கிற மாதிரி,
பாதுகாப்பாக,
மதியச் சாப்பாட்டுக்கு முன்?"

வரைபடத்தை விரித்தேன்.
நெடுஞ்சாலையில் காட்டெருமை நிற்கும்,
காரைவிட்டு இறங்காதீர்கள் என்றேன்.
மேஜைக்கு அடியில் என் வலது பூட்ஸ்
தனக்கென ஒரு சின்ன ஏரியைச்
சொட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஆறுமணி, வெயில் இறங்கவில்லை.
காலையில் உடைத்த வழியைக்
காற்று எங்கோ தள்ளிக்கொண்டு போயிருந்தது.
மறுபடி முதலிலிருந்து.

"நரி திரும்பி வருமா?" என்றாள் ஓடெட்,
ஒரு காலைத் தூக்கி வைத்தபடி.
"எப்படி வரும்?
அதனிடம் படகு இல்லையே."