சுற்றறிக்கை

திங்கள் காலை வந்தது,
மூன்று மொழியில், ஒரே முத்திரையில்:
வளாகத்துக்குள் புகையிலை
புகைக்கவும் கூடாது, மெல்லவும் கூடாது.
ஒட்டும் வேலை எனக்கு.
சட்டைப் பையில் அரைப் பெட்டி சிகரெட்டோடு
கதவில் பசை தடவினேன்.

செவ்வாய் பார்த்தால்
தமிழ்ப் பக்கத்தைக் காணவில்லை.
திருகோணமலை மானுக்குக் காகிதம் என்றால் உயிர்.
வாசலில் நின்று அசைபோட்டது.
"மெல்லப்படாதெண்டு எழுதிக் கிடக்கு, வாசிக்கல்லியா?"
சாரதி நஸ்ருதீன் அதட்டினார்.

ஜெனரேட்டருக்குப் பின்னால்
காணிக் கிளை, ஓய்வூதியக் கிளை, சாரதிமார்
ஒரே குச்சியில் பற்றவைத்த இடம்.
இடமாற்றம், சம்பள நிலுவை,
விமலசிறியின் மகளுக்குக் கல்யாண மண்டபம்,
எல்லாம் அங்கேதான் முடிவானது.
தலைக்கு மேலே ஒரு சன்னல்.
உள்ளே தட்டச்சு செய்யும் பவளராணி
ஒன்பது வருடமாய் அதைச் சாத்தியே வைத்திருந்தாள்.
தூசிக்குப் பயம் என்று நினைத்திருந்தோம்.

பத்து மணிக்கு இப்போதும் போகிறோம்.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
நஸ்ருதீன் கச்சான் கொறிக்கிறார்.
விமலசிறி தீப்பெட்டியைக் குலுக்கிக் கேட்கிறான்.
எனக்குக் கோபம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

நேற்று மேலே
துருப்பிடித்த கொக்கி கழலும் சத்தம்.
துறைமுகக் காற்று உள்ளே போனது.
அவள் எட்டிப் பார்க்கவில்லை.
திறந்ததோடு சரி.