மாதிரித் துண்டு எண் 41

மூன்று வாரமாய்க் கைப்பைக்குள்
உள்ளங்கை அளவில் ஒரு பலகைத் துண்டு.
சாவி, சில்லறை திர்ஹம், பாராசிட்டமால் அட்டை
எல்லாவற்றோடும் உரசிக்கொண்டு கிடக்கிறது.
ஷார்ஜா தொழிற்பேட்டைக் கடையில் நிடால் தந்தது.
"வெளிச்சம் மாறும் இடமெல்லாம் வைத்துப் பாருங்கள், சிஸ்டர்."
பார்த்தேன்.
லிஃப்ட்டில் அது கறுப்பு.
காரின் முகப்பில், பிற்பகல் மூன்று மணிக்கு,
கறுப்புக்குள்ளிருந்து ஒரு பச்சை எட்டிப் பார்த்தது,
காய்ந்து உதிரப்போகும் மருதாணியின் பச்சை.
வீட்டு டியூப்லைட்டின் கீழே மறுபடி
ஒன்றும் தெரியாதது போல் கறுப்பு.

செல்வினுக்குப் பிடிக்கவில்லை.
அஜ்மானில் அடிக்கிற தூசிக்கு அரை நாள் தாங்காது.
ஏற்கனவே தீப்பெட்டிச் சமையலறை, இன்னும் சுருங்கும்.
கை வைத்த இடமெல்லாம் ரேகை தெரியும்.
கடைசியாகக் குரலைத் தாழ்த்தி,
"விற்கும்போது வெள்ளைதான் போகும், பெல்சி."

இன்னும் சாவியே கைக்கு வரவில்லை,
அதற்குள் வாங்க வருகிறவன் வந்து
எங்கள் அடுப்படியில் நின்றுகொண்டான்.
எனக்கு அவனைத் தெரியும்.
பதிமூன்று வருடமாய் எங்களோடுதான் குடியிருக்கிறான்.
சோபாவின் பாலிதீன் உறையைக் கிழிக்க விடாதவன்.
வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டியை
மடித்துக் கட்டிலுக்கடியில் வைக்கச் சொன்னவன்.
மகள் சுவரில் பூனை வரைந்த அன்று
அவளுக்கு அடி விழுமுன்னே அழுதவன்.

ஐந்து வாடகை வீடுகள்,
ஐந்திலும் வெள்ளைச் சமையலறை.
மஞ்சள் தெறித்தால் எலுமிச்சை,
போகாவிட்டால் பேஸ்ட், அதற்கும் போகாவிட்டால் நகம்.
காலி செய்கிற நாளில் முட்டிபோட்டுத் தேய்த்தோம்.
வாட்ச்மேன் டார்ச் அடித்து மூலை மூலையாய்ப் பார்த்தார்,
முன்பணத்தில் இருநூறு பிடித்துக்கொண்டு
மீதியை எண்ணித் தந்தார்.
யோசித்துப் பார்த்தால்
இந்த ஊரில் எங்கள் ரேகை பதிந்தது
விசா ஆபீஸ் கண்ணாடியில் மட்டும்தான்.
அதையும் அடுத்த ஆள் கை வைக்குமுன்
டிஷ்யூவால் துடைத்துவிட்டார்கள்.

இருட்டுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை நான்.
விசா மெடிக்கல் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை.
மூச்சை இழு, பிடி, விடு:
தமிழில், இந்தியில், அரபியில், உடைந்த பஷ்தூவில்,
நாளுக்கு நூறு தடவை.
சட்டையைக் கழற்றி நிற்கிற பையன்கள்
திரையை எட்டிப் பார்ப்பார்கள்.
"ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கே, கோளாறா அக்கா?"
கறுப்பா இருந்தா காத்து இருக்குன்னு அர்த்தம், தம்பி.
வெள்ளையா ஏதாவது தெரிஞ்சாதான்
ஊருக்கு டிக்கெட்.

நேற்று இரவு இதைச் செல்வினிடம் சொன்னேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.
துண்டை வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் சாய்த்து வைத்து
கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.
தோசை மாவு கரைத்த கையோடு போய்
நான் அதைத் தொட்டேன், வேண்டுமென்றே.
இரண்டு விரல் தெளிவாய் விழுந்தது,
பெருவிரல் கொஞ்சம் சறுக்கிவிட்டது.
"பாத்தியா!" என்று துணியை எடுத்தவர்
கிட்டே குனிந்து நின்றுவிட்டார்.
"நடுவிரல்ல குறுக்கே என்ன கோடு?"
டப்பா மூடி கிழிச்சது. போன ஈஸ்டருக்கு.
"சொல்லவே இல்ல?"
ரெண்டு தையல்தான். நீங்க அன்னைக்கு நைட் ஷிப்ட்.

துணி அவர் தோளிலேயே இருந்தது.
தோசை ஒன்று தீய்ந்தது, அதையும் அவரே தின்றார்.

காலையில் நிடாலுக்குப் போன் போட்டார்.
நாற்பத்தொன்று என்றார். ஆமாம், மேலேயும் கீழேயும்.
கைப்பிடி மட்டும் என் இஷ்டம் என்றார்.
அந்தக் கலருக்கு எழுநூறு கூட ஆகும் என்றானாம்,
இரண்டு வாரத்தில் மாட்டிவிடுவானாம்.
இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம்.