பங்க் டிக்கெட்

கேஸ் ரசீதின் பின்பக்கம்
மூன்று கோடு போட்டான் தீபன்.
ரயில். கப்பல். ப்ளேன்.
போர்ட் பிளேரில் நிரோஷா மெஸ் திறந்து
இருபது நாள் ஆகிறது.
வீட்டில் சும்மா கிடக்கும் கிரைண்டர் வேண்டுமாம்,
காசிமேட்டு நெத்திலிக் கருவாடு வேண்டுமாம்.
எங்களையும் வேண்டுமாம்,
போனை வைக்கும்போது சொன்னாள்.

ப்ளேன் என்றால் ரெண்டு மணி நேரம்தான், என்றான்.
பதினைந்து கிலோவுக்கு மேல் விடமாட்டான்.
கல்லுக்கே அது சரியாகிவிடும்.
கருவாட்டுப் பையைத் திறந்து
மூக்கைப் பிடிக்கிற ஆபீசருக்கு யார் பதில் சொல்வது?
டிக்கெட் விலையும் காலையில் ஒன்று,
டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒன்று.
நான் ஏலத்தில் நிற்கிறவள்.
மீனின் கண்ணைப் பார்த்து விலை சொல்லத் தெரியும்.
கூடையைக் காட்டாமலே கூவுகிற ஏலம் எனக்குப் புதுசு.

ரயிலில் போகலாம் என்றார் எங்க வீட்டுக்காரர் தேசிங்கு.
தெருவே சிரித்தது.
"கடலுக்கடியில தண்டவாளம் போட்டுட்டானா, மாமா?"
அவர் சிரிக்கவில்லை.
விசாகப்பட்டணம் வரைக்கும் ரயில்,
அங்கேயிருந்து கப்பல்.
"அதுவும் கப்பல்தானே?" என்றேன்.
"கொஞ்சம் கம்மியா கப்பல்."

முப்பத்தொரு வருஷம் விசைப்படகு ஓட்டினவர்.
பேய்க்காற்றில் வலையை அறுத்துவிட்டு
ஆட்களை மட்டும் கரைசேர்த்தவர்.
அவருக்கு எதற்குக் கம்மியாய்க் கப்பல்?
விளக்கை அணைத்த பிறகு சொன்னார்:
"சுக்கான் எவன் கையிலயோ இருக்கும்.
நான் மூட்டையாட்டம் கீழ கெடக்கணும்.
அதுக்குக் காசு வேற."

எனக்கு ஐம்பத்திரண்டு.
பிறந்தது திருவொற்றியூர்க் குப்பம்,
வாக்கப்பட்டது இங்கே.
அலைச்சத்தம் இல்லாமல் ஒருநாள் தூங்கினதில்லை.
முழங்காலுக்கு மேல் கடல் என்னைத் தொட்டதும் இல்லை.
பொம்பளை ஏறினால் படகுக்கு ஆகாதாம்.
அந்தப் படகு கொண்டுவரும் வஞ்சிரத்தை விற்று
டீசல் கடனை அடைக்க மட்டும் ஆகும்.

ஹார்பர் பக்கம் கூட்ஸ் வண்டி ஊதிக்கொண்டு போனது.
மேலே ஒரு ப்ளேன் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக்
கிழக்கே போனது.
நான் எதுவும் சொல்லவில்லை.
மறுநாள் ஏலம் முடிந்ததும்
கையில் செதில் ஒட்டியபடியே
ராஜாஜி சாலை வரிசையில் போய் நின்றேன்.

"பங்க்கா, கேபினா?"
"எது மலிவு?"
"பங்க்."
"மேல்தட்டுல நிக்க விடுவீங்களா?"
"நில்லுங்கம்மா. யாரு வேணாம்னா?"

கப்பல் கிளம்பும்போது பொழுது சாய்ந்திருந்தது.
கிரைண்டர் பழைய சேலையில் கட்டி பங்க்குக்கு அடியில்.
மூன்று சுற்று பாலிதீனையும் மீறிக்
கருவாடு தான் யார் என்று சொல்லிக்கொண்டிருந்தது.
அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு
"லேட்டா திருப்புறான் பாரு" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்ல."

பிறகு கையை நீட்டினார்.
"லைட் ஹவுஸை விடு, அது ஊருக்கே பொது.
அதோ, சிவப்பு லைட்டு. செல்போன் டவரு.
அதையும் ஐஸ் பேக்டரி கூரையையும்
ஒரே கோட்டுல வெச்சு வந்தா
நேரா நம்ம வாசல்."

எங்கள் மொட்டைமாடிக்கு நேர் மேலே நிற்கிற டவர் அது.
தலைவலி, எடுத்துவிடுங்கள் என்று
ரெண்டு தடவை மனு எழுதிப் போட்டவள் நான்.
"ஏன் சொல்லல?"
"எடுக்கமாட்டானுங்கன்னு தெரியும்."

காற்று உப்பாய் உதட்டில் ஒட்டியது.
இத்தனை வருஷமும் இவர் பார்த்துக்கொண்டு வந்த பக்கத்திலிருந்து
என் வீடு இருக்கிற இடத்தைப் பார்த்தேன்.
ஒரு சிவப்புப் புள்ளி. அணைந்து, எரிந்து, அணைந்து.
அதைத் தேடிப் படகில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்,
நான் கீழே தலையில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது.

ரெண்டாம் நாள் வாந்தி எடுத்தது அவர்தான்.
காசிமேட்டில் யாரிடமும் சொல்லக்கூடாதென்று
சத்தியம் வாங்கியிருக்கிறார்.