உலர் எடை

மூன்று சனிக்கிழமைகளாக
குளியலறை எடைமெஷினைக் காரில் போட்டுக்கொண்டு
பெர்த் முழுக்கச் சுற்றுகிறேன்.
பழைய பாய்ப்பலகை வாங்க
இப்படி ஒருத்தி வந்ததே இல்லையாம்.
சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

பத்தொன்பது வருஷம் டயாலிசிஸ் வார்டில்
ஆட்களை எடைபோட்டே பிழைப்பவள் நான்.
"தண்ணீரே தொடவில்லை சிஸ்டர்" என்பார்கள்.
மெஷின் சொல்லும், இரண்டரை லிட்டர் என்று.

ஸ்கார்பரோவில் கிரெய்க் காட்டியது
நூற்றைந்து லிட்டர்.
ஒல்லி. மாவடுப் பச்சை.
ஓரத்தைத் தடவினால் விரல் கூசியது.
"ரெண்டே தடவைதான் தண்ணீரில் இறக்கினேன்."
கால்பட்டிகள் நைந்து
வேறு கணக்கு வைத்திருந்தன.
ஆனாலும் ஆசை.
நான் அறுபத்தெட்டு கிலோ,
பாயும் மரமும் ஈர உடுப்பும் சேர்ந்தால் எண்பத்தைந்து.
மிச்சம் இருபது லிட்டரில் மிதந்து பழகு என்பது
கழைக்கூத்தாடியின் கயிற்றில்
நடை பழகச் சொல்வது.
நடுவில் இறக்கும் தகடும் கிடையாது;
இளங்காற்றில் பக்கவாட்டில் நழுவி
எங்கோ கரையேறி
பலகையைத் தலையில் சுமந்து வரவேண்டும்.
வேகத்தைப் பிறகு வாங்கலாம் என்று கிளம்பினேன்,
இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு.

ராக்கிங்ஹாமில் டீகனுடையது
வெள்ளை வெளேர், கீறல் இல்லை.
குதிகால் நிற்கும் இடத்தில் கட்டைவிரலை அழுத்தினேன்.
உள்ளே போன தோல்
யோசித்து யோசித்து மேலே வந்தது.
வீங்கிய கணுக்காலில் குழி விழுவதை
தினமும் பார்க்கிற விரல் இது.
முதலில் நான் ஏறி நின்றேன்,
பிறகு பலகையை அணைத்தபடி.
வித்தியாசம் பதினாறு.
அடியில் ஒட்டிய சீட்டில் பன்னிரண்டரை.
அவளுக்குத் தெரியவே தெரியாது பாவம்,
விட்டுப்போனவன் விட்டுப்போன பலகை.
"சரி செய்ய முடியாதா?"
முடியும். துளை போட்டு, வடித்து,
மாதக்கணக்கில் காயவைத்து.
அதைத்தான் நான் திங்கள் முதல் வெள்ளி வரை செய்கிறேன், கண்ணே.

ஸ்பியர்வுட்டில் ஸ்வோன்கோ
தக்காளிச் செடிகளுக்குப் பின்னாலிருந்து
இழுத்து வந்தது நூற்றறுபது லிட்டர்,
வெயிலில் வெளுத்த மஞ்சள், கதவு போல அகலம்.
நான் வாய் திறக்குமுன்
"மூக்கை உடைத்தவன் நான்தான்.
மரம் சாய்ந்து விழுந்தது.
ஒட்டினேன், அழகாக வரவில்லை" என்றார்.
வரவில்லைதான். ஆனால் கல் மாதிரி இருந்தது ஒட்டு.
தேங்காய்க்காரியாகத் தலை முதல் வால் வரை தட்டினேன்,
எங்கும் ஒரே குரல்.
தகடு முனகிக்கொண்டே ஏறி இறங்கியது.
சீட்டைவிட நானூறு கிராம் கூட.
"பசை," என்றார், "பெயிண்ட்."
நம்பினேன்.
முந்நூற்றைம்பது சொன்னார், இருநூற்றெண்பது கேட்டேன்,
முந்நூறுக்கு முடிந்தது.
காற்றுத்திருகுக்கு மாற்று வளையம் இரண்டை
மிட்டாய் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

பிறகு, விளையாட்டாக,
"என்னையும் பார்" என்று மெஷினில் ஏறினார்.
தொண்ணூற்றிரண்டு.
என் கண் எண்ணில் நிற்கவில்லை.
காலுறையின் விளிம்பு
கணுக்காலில் வாய்க்கால் வெட்டியிருந்தது.
"டாக்டரைப் பார்த்தீர்களா?"
"தினம் மத்தியானம் வருவாரே!"
மேற்கே கைகாட்டிச் சிரித்தார்.
கடல்காற்றுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர்.
நான் சிரிக்கவில்லை.
ரசீதின் பின்னால் இரண்டு பரிசோதனைகளின் பெயரை
கொட்டை எழுத்தில் எழுதினேன்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்,
தக்காளி விதைக்கும் ரப்பர்பேண்டுக்கும் நடுவே.

அடுத்த சனி, ஸ்வான் நதி, ஆப்பிள்கிராஸ்.
இடுப்பளவு தண்ணீர்.
"திருகை இறுக்கினாயா?" என்று அவர் செய்தி.
இறுக்கினேன். ரத்தம் கொடுத்தீர்களா?
மூன்று புள்ளிகள் துடித்தன, நின்றன.

பதினோரு தடவை விழுந்தேன்.
பன்னிரண்டாவதில்
கயிற்றைப் பிடித்துப் பாயைத் தூக்க,
முதுகிலிருந்து தண்ணீர் வழிய
அது மெல்ல எழுந்து நின்றது.
நானும் நின்றுகொண்டிருந்தேன்,
முழங்கால் நடுங்க,
ஒட்டுப்போட்ட மூக்கு எதிர்க்கரையைக் காட்ட.
போன் கரையில், செருப்புக்குள்.
ஒன்றரை மணிக்கு
டாக்டர் வந்துவிட்டார்.