உட்கார்ந்த உயரம்

தரையிலிருந்து உச்சந்தலை வரை
ஐம்பத்திரண்டு அங்குலம்.
நாற்காலியோடு சேர்த்து அளந்தார் செல்வின்,
ஜாக்கெட் தைக்கிற டேப்பால், இரண்டு முறை.
கொண்டையை அவிழ்க்கச் சொன்னார்.
ஐம்பத்தொன்றரை.

ஓசூர் ரோடு ஷோரூமில்
வேனின் பின்கதவு ஐம்பது.
"கொஞ்சம் தலை குனிஞ்சா போயிடலாம் மேடம்"
என்றான் விற்பனைப் பையன்.
குனிந்தேன்.
சரிவுப் பலகையில் செல்வின் பின்னாலிருந்து தள்ள,
போன வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்த ஃபிரிட்ஜும்
இப்படித்தான் ஏறியது.
அதற்காவது மேல் பக்கம் எதுவென்று
அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

நான்கு மூலையிலும் பெல்ட் பூட்டினார்கள்.
ஜன்னல் என் மார்பளவில் இருந்தது.
சோதனை ஓட்டம் முழுக்க
பெங்களூரு எனக்குக் காட்டியது
செருப்புகள், ஸ்கூட்டர் சக்கரங்கள்,
கல் பெயர்ந்த நடைபாதைக் குழிகள்.
எல்லாம் ஏற்கெனவே பழக்கம்.

செல்வினுக்கு வேன் பிடித்துவிட்டது.
"உன்னைத் தூக்க வேண்டாம் பார்."
உனக்குச் சுகம் என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

அன்றிரவு, வரிச்சலுகைக்காக
என் ஊனச் சான்றிதழைத் தேடியபோது
அவருடைய ஸ்கேன் உறை கிடைத்தது.
எல்4, எல்5.
மார்ச் மாதத் தேதி. இப்போது அக்டோபர்.
ஏழு மாதம், நாளைக்கு ஆறு முறை,
ஐம்பத்தெட்டு கிலோ.
வங்கியில் கணக்குப் பார்ப்பவள் நான்,
பெருக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டேன்.
உறையை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஜே.சி. ரோட்டில் நயீம் பாயின் ஷெட்.
ஏழு வருஷம் ஓடிய சாம்பல் நிற ஆட்டோமேட்டிக்,
கூரையில் ஒரு சொட்டை.
பாய் என் காலைப் பார்க்கவில்லை.
ஸ்பேனரை நீட்டி, "இறுக்கிப் பிடிங்க" என்றார்.
பிடித்தேன். இழுத்துப் பார்த்தார். விடவில்லை.
"அப்ப ஒரே ஒரு கம்பி போதும்.
தள்ளினா பிரேக்கு, இழுத்தா ஓட்டம்."
செல்வின் வெளியே போய் டீ குடித்தார்,
வேனின் விலைத்தாள்
சட்டைப் பையில் எட்டாக மடிந்திருந்தது.

மூன்று வாரம் பழகினேன்,
நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவே வழுக்குப் பலகை போட்டு
உடம்பை அங்குலம் அங்குலமாக நகர்த்த.
ஒரு நாள் பலகை நழுவிப்
பார்க்கிங் தரையில் கிடந்தேன்.
ஓடிவந்து குனியப் போனவரிடம்
"எல்5" என்றேன்.
நின்றுவிட்டார்.
வாட்ச்மேனும் மாடி வீட்டுக் கல்லூரிப் பையனும்
வந்து தூக்கும் வரை
நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ஆர்.டி.ஓ.வில் இன்ஸ்பெக்டர்
உள்ளே எட்டிப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார்:
"பிரேக் எல்லி?"
கையைக் காட்டினேன்.
உள்ளங்கையில் புதுக் காய்ப்பு இருந்தது.

முதல் ஞாயிறு. தனியாக.
நாற்காலியை மடித்து டிக்கியில் வைத்தது
அந்தக் கல்லூரிப் பையன்.
அல்சூர் ஏரிக்கரையில் நிறுத்தி,
சீட்டைத் திருப்பி, கதவைத் திறந்த பிறகுதான் உறைத்தது,
டிக்கி எட்டடி தூரம்.
எல்லாவற்றையும் அளந்தோம்,
இதை அளக்கவில்லை.

சிரிப்பு வந்தது. கொஞ்சம் அழுகையும்.
கதவை மூடிக்கொண்டேன்.
கடலைக்காரர் ஜன்னலுக்குத் தலை குனிந்தார்.
பத்து ரூபாய்க்கு வாங்கிக்
கடைசிக் கடலை வரை தின்றேன்.
தண்ணீரில் ஒரு நீர்க்காகம் முங்கி
எங்கோ தள்ளி எழுந்தது.
இறங்காமல் திரும்பினேன்.

ட்ரினிட்டி சிக்னலில் பச்சை விழுந்ததைக்
கவனிக்கவில்லை.
பின்னாலிருந்து ஒரு ஆட்டோக்காரர் தலையை நீட்டித்
தமிழிலேயே கத்தினார்:
"என்னம்மா, தூக்கமா? காலை அமுக்கு!"

இழுத்தேன்,
கையால்.